எம். எஸ். சுப்புலட்சுமி நூற்றாண்டு நினைவு நாணயம்

எம். எஸ். சுப்புலட்சுமி நூற்றாண்டு நினைவு நாணயம் என்பது, மதுரையில் பிறந்த கருநாடக இசைப் பாடகி எம். எஸ். சுப்புலட்சுமியின் (1916–2004) பிறந்த நூற்றாண்டைக் குறிக்கும் வகையில் இந்திய அரசு வெளியிட்ட நினைவு நாணயமாகும். இது 100 ரூபாய், 10 ரூபாய் என்னும் இரு மதிப்புகளில் வெளியிடப்பட்டது. இவற்றுள் 100 ரூபாய் நாணயம் பாதி வெள்ளி கலந்த உலோகக்கலவையால் ஆனது. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் புது தில்லியில் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் மு. வெங்கையா நாயுடு இந்நாணயங்களை வெளியிட்டார்.

நாணயத்தின் விவரம்

100 ரூபாய் நாணயம்
• உலோகம்: வெள்ளி 50 விழுக்காடு, செம்பு 40 விழுக்காடு, நிக்கல் 5 விழுக்காடு, துத்தநாகம் 5 விழுக்காடு
• நிறை: 35 கிராம்
• விட்டம்: 44 மில்லிமீட்டர்
• விளிம்பு: 200 வரிப்பற்கள் கொண்டது

10 ரூபாய் நாணயம்
• உலோகம்: ஈருலோக நாணயம், வெளிவளையம் பொன்னிறமான அலுமினிய வெண்கலம், நடுப்பகுதி வெண்ணிறமானது
• நிறை: 7.71 கிராம்
• விட்டம்: 27 மில்லிமீட்டர்

பெயரும் பின்னணியும்

சுப்புலட்சுமி 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மதுரையில் பிறந்தார். இவரது பெயரின் முன்னெழுத்துகளில் முதலாவது மதுரையையும், இரண்டாவது இவருடைய தாயார் சண்முகவடிவையும் குறிக்கின்றன. தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொள்வதே தமிழகத்தில் பெருவழக்கு. தாயின் பெயரை முன்னெழுத்தாகக் கொள்வது, கோயில் சார்ந்த இசை, நடன மரபில் வந்த குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். மீனாட்சியம்மன் கோயிலை அடுத்துள்ள அனுமந்தராயன் கோயில் தெருவில் இவர்களது வீடு இருந்தது.

இவர் பிறந்த காலத்தில் தேவதாசி முறை குறித்த விவாதம் சென்னை மாகாணத்தில் வலுப்பெற்றுக் கொண்டிருந்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்திற்கு எதிராக மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். இவ்வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் 1947இல் நிறைவேறியது. தலைமுறை தலைமுறையாக இசையைக் காத்து வந்த இக்குடும்பங்களின் பெண்கள், தம் கலைக்குப் பெற்ற பாராட்டைச் சமூக மதிப்பாகப் பெற இயலாத நிலையில் இருந்தனர். அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்த பெண்ணின் உருவத்தை நூறு ஆண்டுகள் கழித்து அரசு நாணயத்தில் பொறித்தது இந்நாணயத்தின் வரலாற்றுச் சிறப்பாகக் கருதத்தக்கது.

சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு 1926இல், அவருக்குப் பத்து வயது இருக்கும்போது பதிவானது. தாயார் வீணை வாசித்தார். 1929இல் சென்னை மியூசிக் அகாதெமியில் பாடினார். 1936இல் மதுரையை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். 1940இல் விடுதலைப் போராட்ட வீரரும் இதழாளருமான தி. சதாசிவத்தை மணந்தார். சேவாசதனம் (1938), சகுந்தலை (1940), சாவித்திரி (1941), மீரா (1945) ஆகிய திரைப்படங்களில் நடித்தார். சாவித்திரி படத்தில் நாரதர் வேடம் ஏற்றுப் பெற்ற ஊதியம், 1941இல் கல்கி இதழ் தொடங்கப் பயன்பட்டது.

1966ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஐக்கிய நாடுகள் அவையில் பாடினார். 1968இல் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் பெண் இவரே. 1974இல் ரமோன் மக்சேசே விருதும், 1998இல் பாரத ரத்னா விருதும் பெற்றார். பாரத ரத்னா பெற்ற முதல் இசைக்கலைஞரும் இவரே. தம் இசை நிகழ்ச்சிகளாலும் இசைத்தட்டுகளாலும் வந்த வருவாயின் பெரும்பகுதியை அறப்பணிகளுக்கு வழங்கினார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் சென்னையில் காலமானார்.

வெளியீடு

நூற்றாண்டு 2016 செப்டம்பரில் நிறைவுற்றது. அவ்வாண்டில் ஐக்கிய நாடுகள் அஞ்சல் நிருவாகம் சுப்புலட்சுமியின் அஞ்சல்தலையை வெளியிட்டது. இந்திய அஞ்சல் துறை ஏற்கெனவே 2005இல் அவரது அஞ்சல்தலையை வெளியிட்டிருந்தது. நாணயங்கள் நூற்றாண்டு நிறைவுற்று ஓராண்டு கழிந்த பின், 2017 செப்டம்பரில் வெளிவந்தன. இந்திய நினைவு நாணயங்களில் இத்தகைய காலத்தாழ்வு அரிதன்று. நாணயத்தில் பொறிக்கப்படும் ஆண்டுகள் நினைவுகூரப்படும் நிகழ்வைக் குறிப்பவை. வெளியிடப்பட்ட நாளைக் குறிப்பவை அல்ல. எனவே நாணயத்தில் 1916–2016 என்றிருப்பதைக் கொண்டு அது 2016இல் வெளியானது எனக் கொள்ளுதல் பிழையாகும்.

இதே காலப்பகுதியில் முன்னாள் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரனின் நூற்றாண்டு நாணயத்திற்கான அறிவிப்பும் வெளியானது. அது 100 ரூபாய், 5 ரூபாய் மதிப்புகளில் அமைந்தது.

வடிவமைப்பு

நாணயத்தின் முன்புறத்தில் அசோகத் தூணின் சிங்கத் தலைப்பகுதியும், அதன் கீழ் 'வாய்மையே வெல்லும்' என்னும் பொருள்படும் நாட்டுக் குறிக்கோளும், நாட்டின் பெயரும், ரூபாய்க் குறியுடன் மதிப்பு எண்ணும் இடம்பெற்றுள்ளன. இந்திய நாணயங்கள் அனைத்திலும் முன்புறம் ஏறத்தாழ ஒரே வகையாகவே அமைகிறது. நாணயவியலில் அரசுச் சின்னம் உள்ள பக்கமே முன்புறம் எனப்படும். சிலர் உருவம் உள்ள பக்கத்தை முன்புறம் எனக் கருதுவதுண்டு. முடியாட்சிக் காலத்து நாணயங்களில் அரசரின் தலையே அரசின் சின்னமாக இருந்ததால் ஏற்பட்ட வழக்கம் அது.

பின்புறத்தில் சுப்புலட்சுமியின் உருவமும், அவரது பெயரும் நூற்றாண்டு என்பதைக் குறிக்கும் சொற்களும், ஆண்டுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. இவ்வெழுத்துகள் தேவநாகரியிலும் ஆங்கிலத்திலும் உள்ளன.

தமிழ் எழுத்து குறித்த கேள்வி

இந்திய நாணயங்களில் தேவநாகரியும் ஆங்கிலமுமே வழக்கமாக இடம்பெறுகின்றன. ரூபாய்த் தாள்களில் தமிழ் உட்பட பல மொழிகளில் மதிப்பு எழுதப்பட்டிருப்பினும், நாணயத்தின் சிறிய பரப்பில் அம்முறை பின்பற்றப்படவில்லை. எனினும் விதிவிலக்குகள் உண்டு. 2009இல் வெளியான அறிஞர் அண்ணா நூற்றாண்டு நாணயத்தில் அவரது தமிழ்க் கையெழுத்து பொறிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஆகத்து 18ஆம் நாள் சென்னையில் வெளியிடப்பட்ட மு. கருணாநிதி நூற்றாண்டு நாணயத்தில் 'தமிழ் வெல்லும்' என்னும் தொடர் தமிழ் எழுத்தில் இடம்பெற்றது. இவ்விரண்டிலும் தமிழ் எழுத்து, நாணயத்தின் மொழியாக அன்றி, நினைவுகூரப்படுபவரின் கையெழுத்து அல்லது முழக்கம் என்னும் முறையில், அதாவது உருவத்தின் ஒரு பகுதியாகவே சேர்க்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

உலோகமும் அதன் வரலாறும்

'ரூபாய்' என்னும் சொல் வெள்ளி எனப் பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் இன்றும் பணத்தை 'வெள்ளி' என்றே வழங்குகின்றனர். கிழக்கிந்தியக் கம்பெனி 1835இல் நிலைப்படுத்திய ரூபாய் 11.66 கிராம் நிறையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் கொண்டிருந்தது. இந்த அளவு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மாறாதிருந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது மக்கள் வெள்ளி நாணயங்களைப் பதுக்கத் தொடங்கினர். எனவே 1940இல் வெள்ளியின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. அப்போது கையாளப்பட்டது வெள்ளி, செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகிய நான்கும் 50:40:5:5 என்னும் விகிதத்தில் கலந்த நால்வகை உலோகக்கலவையாகும். தூய்மை குறைந்த காசு புழங்க, தூய்மை மிகுந்த காசு பெட்டிக்குள் முடங்கும் என்பது பொருளியலில் கிரெசாம் விதி எனப்படும். பழைய ரூபாய்கள் புழக்கத்திலிருந்து மறைந்தது அதற்கு எடுத்துக்காட்டு. போர்க்காலத்தில் அமெரிக்காவிடமிருந்து கடனாகப் பெற்ற வெள்ளியைத் திருப்பித் தரவேண்டியிருந்தமையால் இந்தப் பாதிவெள்ளி ரூபாய்களும் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. 1947இல் வெளியான ரூபாய் நிக்கலால் ஆனது. அத்துடன் அன்றாடப் புழக்கத்திற்கான வெள்ளி ரூபாய் அச்சிடுவது முடிவுற்றது.

சுப்புலட்சுமி நாணயத்தின் கலவை விகிதமும் 1940ஆம் ஆண்டு ரூபாயின் விகிதமும் ஒன்றே. வெள்ளியுடன் செம்பைச் சேர்ப்பதால் உலோகம் கடினமாகிறது. தூய வெள்ளி மென்மையானது, எளிதில் தேயக்கூடியது. செம்பின் செந்நிறம் வெளித்தோன்றாதவாறு வெண்ணிறத்தைக் காக்க நிக்கலும் துத்தநாகமும் உதவுகின்றன. பாதியளவு செம்பு முதலிய உலோகங்கள் இருப்பதால், ஈரமான காற்றிலும் கை வியர்வையிலும் இந்நாணயம் கருக்கக்கூடும். சேகரிப்பாளர் இதனை உறையிலிருந்து எடுக்காமல் வைப்பதற்கும், எடுக்க நேரிட்டால் விளிம்பை மட்டும் பிடிப்பதற்கும் காரணம் இதுவே. கருத்த நாணயத்தைப் புளியோ சாம்பலோ இட்டுத் தேய்ப்பது, பாத்திரத்திற்குப் பொருந்தினாலும் நாணயத்திற்குப் பொருந்தாது. மேற்பரப்பின் நுண்கோடுகள் அழிந்து அதன் சேகரிப்பு மதிப்புக் குறைந்துவிடும்.

மதிப்பும் விலையும்

35 கிராம் நிறையில் பாதி வெள்ளி எனின், ஒரு நாணயத்தில் 17.5 கிராம் வெள்ளி உள்ளது. 2017இல் ஒரு கிலோகிராம் வெள்ளியின் விலை ஏறத்தாழ 40,000 ரூபாயாக இருந்தது. அக்கணக்கில் நாணயத்திலுள்ள வெள்ளியின் விலை மட்டும் ஏறத்தாழ 700 ரூபாய், அதாவது முகமதிப்பைப் போல் ஏழு மடங்கு. இதனால் 100 ரூபாய் நாணயத்தை எவரும் 100 ரூபாய்க்குச் செலவிட முன்வரமாட்டார். இதன் விற்பனை விலையும் முகமதிப்பைவிட மிகுதியாகவே வைக்கப்படுகிறது.

இவ்வகை நாணயங்கள் சட்டப்படி செல்லத்தக்கவை. ஆயினும் புழக்கத்திற்கு விடப்படுவதில்லை. எனவே இவை 'புழக்கத்திற்கு வராத நாணயங்கள்' என வகைப்படுத்தப்படுகின்றன. வங்கிக் கிளைகளில் இவை கிடைப்பதில்லை. நாணயச் சாலைகள் இவற்றுக்கு முன்பதிவு ஏற்று, குறிப்பிட்ட அளவில் அச்சிட்டு, அழகிய உறைகளில் இட்டு விற்கின்றன.

விற்பனைக்கான நாணயங்கள் இரு தரங்களில் அச்சிடப்படுகின்றன.

• சான்றுத் தரம்: மெருகேற்றிய அச்சுகளைக் கொண்டு, தேர்ந்தெடுத்த உலோக வில்லைகளின் மீது ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி உருவாக்கப்படுவது. பின்னணி கண்ணாடிபோல் பளபளக்க, உருவம் மட்டும் பனிபடர்ந்தது போன்ற மங்கிய வெண்மையுடன் விளங்கும்.
• புழங்காத் தரம்: வழக்கமான முறையில் அச்சிடப்பட்டு, கைபடாமல் உறையிடப்படுவது.

சட்ட அடிப்படை

இந்தியாவில் நாணயம் வெளியிடும் உரிமை நடுவண் அரசுக்கு உரியது. ரூபாய்த் தாள்களை இந்திய ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது. நாணயங்களை அரசு அச்சிட, ரிசர்வ் வங்கி புழக்கத்திற்கு விடுகிறது. 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி, 1000 ரூபாய்க்கு மேற்படாத எம்மதிப்பிலும் நாணயம் அச்சிடலாம். நாணயத்தின் உலோகம், நிறை, விட்டம், வடிவமைப்பு ஆகியவை அரசிதழில் அறிவிக்கப்பட வேண்டும். ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்புமுள்ள நாணயங்களை ஒரே கொடுப்பனவில் 1000 ரூபாய் வரை செல்லத்தக்க பணமாக அளிக்கலாம். நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் இச்சட்டப்படி குற்றமாகும். ஆகவே வெள்ளி விலை எவ்வளவு உயர்ந்தாலும் இந்நாணயத்தை வெள்ளிக்கட்டியாக மாற்றுதல் இயலாது.

மும்பை, கொல்கத்தா, ஐதராபாத்து, நொய்டா ஆகிய நான்கு இடங்களில் உள்ள நாணயச் சாலைகள், 2006இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனம் ஒன்றின்கீழ் இயங்குகின்றன. நாணயத்தில் ஆண்டெண்ணுக்குக் கீழே காணப்படும் சிறு குறி அது அச்சான இடத்தைக் காட்டும். மும்பைக்குச் சாய்சதுரமும், ஐதராபாத்துக்கு விண்மீனும், நொய்டாவுக்குப் புள்ளியும் குறிகளாகும். குறி எதுவும் இல்லையெனில் அது கொல்கத்தாவில் அச்சானது.

பத்து ரூபாய் நாணயமும் மக்களின் ஐயமும்

நினைவு நாணயங்களால் ஒரே மதிப்புக்குப் பல வடிவமைப்புகள் உண்டாகின்றன. புழக்கத்திற்கு விடப்பட்ட 10 ரூபாய் நாணயங்களிலும் பல வடிவமைப்புகள் இருந்தமையால், அவற்றுள் சில போலி என்னும் வதந்தி பரவியது. தமிழகத்தின் பல ஊர்களில் கடைக்காரர்களும் பேருந்து நடத்துநர்களும் பயணிகளும் அவற்றை வாங்க மறுத்தனர். 2018ஆம் ஆண்டு சனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை 14 வடிவமைப்புகளில் 10 ரூபாய் நாணயங்கள் வெளியிடப்பட்டுள்ளன என்றும், அனைத்தும் செல்லத்தக்கவை என்றும் அறிவித்தது. ஒருவரை நினைவுகூர்வதற்கென வடிவத்தை மாற்றுவது, பார்த்தவுடன் அறிந்துகொள்ளும் இயல்பை நாணயத்திடமிருந்து குறைக்கிறது என்பதை இந்நிகழ்வு காட்டியது. தொடுகையால் நாணயத்தை அறியும் பார்வையற்றோருக்கு இச்சிக்கல் மேலும் கடினமானது.

மதுரையின் நாணய மரபு

மதுரையும் வைகைச் சமவெளியும் வெள்ளிக் காசுகளுக்குப் புதியவை அல்ல.

• முத்திரைக் காசுகள்: மதுரைக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள போடிநாயக்கனூரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முத்திரை குத்தப்பட்ட வெள்ளிக் காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. பின்புறத்தில் மீனைப் போன்ற குறி இருந்தமையால் இவை பாண்டியர் வெளியீடுகளாகக் கருதப்படுகின்றன. மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில் நடைபெற்ற அகழாய்விலும் 2021இல் இவ்வகை வெள்ளிக் காசு கிடைத்தது.
• பெருவழுதி நாணயம்: ஒருபுறம் குதிரையும் 'பெருவழுதி' என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்திலும், மறுபுறம் மீன் சின்னமும் கொண்ட சதுர வடிவச் செப்பு நாணயம். நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி இதனை 1984இல் கண்டறிந்தார். இலக்கியத்தில் மட்டும் அறியப்பட்ட வழுதி என்னும் பாண்டியர் பெயர் நாணயத்திலும் கிடைத்தமையால், சங்ககால வரலாற்றாய்வில் இது முக்கியச் சான்றாயிற்று.
• 'சோணாடு கொண்டான்' காசு: சோழநாட்டை வென்றதைக் குறிக்கும் இப்பட்டம், பிற்காலப் பாண்டியர் செப்புக் காசுகளில் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியனின் வெற்றியோடு இது தொடர்புபடுத்தப்படுகிறது. நிகழ்வொன்றை நினைவுகூரும் நாணயம் என்னும் பொருளில் இதனை மதுரையின் பழைய நினைவு நாணயம் எனலாம்.

இவற்றில் பெயர் பெற்றவர் அரசர், நினைவுகூரப்பட்டது வெற்றி. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இம்மரபில், ஆட்சியோ படையோ இல்லாத ஒரு பாடகி மதுரையின் பெயரை முன்னெழுத்தாகத் தாங்கி நாணயத்தில் இடம்பெற்றது குறிப்பிடத்தக்க மாற்றமாகும். பழைய காசுகள் தமிழ் எழுத்தைத் தாங்கின, சந்தைகளில் கைமாறின; புதிய நாணயம் இவ்விரண்டையும் செய்யவில்லை என்பதும் உண்மை.

இந்திய நினைவு நாணயங்களில் இதன் இடம்

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நினைவு நாணயம் சவகர்லால் நேருவின் மறைவையொட்டி 1964இல் வெளியானது. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969இல் 80 விழுக்காடு வெள்ளி கொண்ட 10 ரூபாய் நாணயம் வெளியிடப்பட்டது. நினைவு நாணயங்களில் தொடக்கத்தில் அரசியல் தலைவர்களும், உணவு, வேளாண்மை முதலிய பொருள்களும் மிகுதியாக இடம்பெற்றன. பெண்களின் உருவம் குறைவாகவே பொறிக்கப்பட்டது. இந்திரா காந்தி, புனித அல்போன்சா, அன்னை தெரேசா, நாகா விடுதலைப் போராளி இராணி காயிதின்லியு ஆகியோர் அவர்களுள் சிலர். இசைக்கலைஞருள் கசல் பாடகி பேகம் அக்தரின் நூற்றாண்டு நாணயம் 2014இல் வெளியானது. அவரும் சுப்புலட்சுமியைப் போன்றே, கலையைத் தாய்வழிப் பெற்ற குடும்பத்தில் பிறந்தவர்.

தமிழகம் தொடர்பான பிற நினைவு நாணயங்களுள் சில:

• எட்டாம் உலகத் தமிழ் மாநாடு, தஞ்சாவூர் – திருவள்ளுவர் உருவம் (1995)
• காமராசர் நூற்றாண்டு (2003)
• அறிஞர் அண்ணா நூற்றாண்டு (2009)
• சி. சுப்பிரமணியம் நூற்றாண்டு (2010)
• தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டு (2010) – இந்தியாவின் முதல் 1000 ரூபாய் நாணயம்; 80 விழுக்காடு வெள்ளி கொண்டது
• எம். ஜி. இராமச்சந்திரன் நூற்றாண்டு
• மு. கருணாநிதி நூற்றாண்டு (2024)
• முதலாம் இராசேந்திர சோழன் நினைவு நாணயம், கங்கைகொண்ட சோழபுரம் (2025)

இவற்றுள் தஞ்சைப் பெரிய கோயில் நாணயம் பின்னர் வழக்குக்கு உள்ளானது. அந்நாணயமும் வைணவி தேவி நாணயமும் சமயச்சார்பின்மைக்கு முரணானவை என்று தொடரப்பட்ட பொதுநல வழக்கைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018 சனவரியில் தள்ளுபடி செய்தது. எந்தச் சமயத்தைச் சார்ந்த நிகழ்வுக்கும் நினைவு நாணயம் வெளியிடுவதை அரசமைப்பு தடுக்கவில்லை என்பது நீதிமன்றத்தின் கருத்து.

நினைவுச் சின்னமும் உயிலும்

சுப்புலட்சுமி 1997ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாளிட்ட உயிலில், தம் பெயரிலோ நினைவாகவோ அறக்கட்டளை, நினைவகம், சிலை முதலியவற்றை அமைக்கவோ, அதற்கென நிதி திரட்டவோ கூடாது என விரும்பியிருந்தார். ஆயினும் அவர் மறைவுக்குப்பின் 2005இல் அவர் பெயரால் விருது ஒன்றை இந்து நாளிதழ் ஏற்படுத்தியது. 2006இல் திருப்பதியில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.

2024இல் அவ்விருது பாடகர் டி. எம். கிருஷ்ணாவுக்கு அறிவிக்கப்பட்டபோது, உயிலைச் சான்றுகாட்டி வழக்குத் தொடரப்பட்டது. சுப்புலட்சுமியின் வாழ்வையும் சமூகப் பின்னணியையும் குறித்துக் கிருஷ்ணா முன்னர் எழுதியவையும் இவ்வழக்கில் எதிர்ப்புக்குக் காரணமாயின. சுப்புலட்சுமியின் பெயரால் விருது வழங்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2024 நவம்பரில் தடை விதித்தார். அத்தீர்ப்பை இரு நீதிபதிகள் அமர்வு டிசம்பரில் நீக்கியது. அதே மாதம் உச்ச நீதிமன்றம், கிருஷ்ணாவை அவ்விருது பெற்றவராகக் கருதலாகாது என இடைக்கால ஆணை பிறப்பித்தது.

நினைவு நாணயம் இவ்வழக்கின் பொருளன்று. நாணயம் அரசின் வெளியீடு. அதற்கென அவர் பெயரால் நிதி திரட்டப்படுவதில்லை. எனினும் ஒருவர் தம்மை எவ்வாறு நினைவுகூர வேண்டும் என்று கூறிச் சென்ற விருப்பத்திற்கும், அவரைத் தமக்குரியவராகக் கருதும் நாடும் மக்களும் அவரை நினைவுகூர விழையும் முறைக்கும் இடையிலுள்ள இடைவெளியை இவ்வழக்கு வெளிப்படுத்தியது. அந்த இடைவெளி சிலைக்கும் விருதுக்கும் மட்டுமன்றி, நாணயத்திற்கும் பொருந்துவதாகும்.

இவற்றையும் பார்க்க

• எம். எஸ். சுப்புலட்சுமி
• இந்திய ரூபாய்
• பாண்டியர் நாணயங்கள்
• பெருவழுதி நாணயம்
• தஞ்சைப் பெரிய கோயில்
• நாணயவியல்